பழைய பிராசசரும் எழுபது கொண்டை ஊசி வளைவும்

ஜூன் 3, செவ்வாய்

கம்ப்யூட்டர் செத்துவிட்டது. கூடவே ஒரு பல்லியும்.

பெட்டியைத் திறந்து பார்த்தால், மதர்போர்டின் மேல் குறுக்கே படுத்துத் தானும் கருகி, போர்டையும் கருக்கி வைத்திருக்கிறது. வீடெங்கும் தீய்ந்த கருவாட்டு நாற்றம். கொல்லிமலை முழுக்க எத்தனை பலாமரம், எத்தனை பாறை! அதையெல்லாம் விட்டுவிட்டு என் பிழைப்பின் மேல் வந்துதான் படுக்க வேண்டுமா? என் வீட்டுக்காரர் பிலிப் அதை இடுக்கியால் எடுத்து, “பாவம் ஸ்டெல்லா” என்றார். என்னைச் சொன்னாரா, பல்லியைச் சொன்னாரா என்று இதுவரை தெரியவில்லை.

நாமக்கல்லில் பிரஸ் வைத்திருக்கும் அருணாசலத்துக்குப் போன் செய்தேன். அவருக்குத்தான் நான் செம்மேட்டு வீட்டில் உட்கார்ந்தபடி ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைத்து அனுப்புகிறேன். காதணி விழா, பூப்பு விழா, கண்ணீர் அஞ்சலி - எல்லாவற்றிலும் ஒரே ரோஜாப்பூ.

“ஏனுங்க ஸ்டெல்லா, இந்த மாசத்துக்குள்ள மெசினு ரெடி பண்ணிக்குங்க. இல்லீன்னா தெனமும் இங்கயே வந்து உக்காந்து போடுங்க. பஸ்ஸுதான் இருக்குதுங்கல்ல?”

பஸ் இருக்கிறது. என் வயிறு இல்லையே! கொண்டை ஊசி வளைவு எழுபது. எனக்கு மூன்றாவதிலேயே குடல் தொண்டைக்கு வந்துவிடும். தினம் இறங்கி ஏறினால் மாதக் கடைசியில் எலும்புதான் வீட்டுக்கு வரும். போகாவிட்டால் வேலை போகும்.

ஜூன் 6, வெள்ளி

புதுக் கம்ப்யூட்டருக்கு வழியில்லை. கையிலிருந்ததை மகளின் ஹாஸ்டல் விழுங்கிவிட்டது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரையும் அது உட்காரும் போர்டையும் பழசாக வாங்கி, பல்லி தொடாத பாகங்களோடு சேர்த்துப் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இதை எதிர்வீட்டு யுவராஜிடம் சொன்னது என் புத்தி. அவர் இந்தத் தெருவின் கம்ப்யூட்டர் மேதை. தட்டில் வைத்த முறுக்கு முழுவதையும் தின்று, சிம் கார்டு குத்தும் ஊசியால் பல்லைக் குத்தி, எடுத்ததை ஒருமுறை பார்த்துவிட்டு - சீ! - திரும்ப வாயிலேயே போட்டுக்கொண்டார்.

“அக்கா, ஐ-செவனுக்குக் கீழ எறங்கவே கூடாதுங்க. பழசெல்லாம் குப்பைங்க.”

“நான் ராக்கெட்டா உடறேன்? பேனர்ல மாமனுங்க மீசைய ஓரம் வெட்டறேன்.”

“இருந்தாலும் ஒரு மரியாதை இருக்குதுங்கல்ல?”

இந்த மரியாதைக்காரர் மனைவியின் தோட்டை அடகு வைத்துப் பெட்டி வாங்கி, அதில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறார். அதிலும் தினம் சாகிறார். அவர் மனைவியே சொன்னது. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

நான்கு நாளாக வீடியோ பார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒருவன் அலறுகிறான். பிராசசருக்கு எதற்கையா அலறல்? ஆனாலும் அலறலுக்கு நடுவே விஷயம் பிடிபட்டுவிட்டது. என் வேலைக்கு எட்டாம் தலைமுறை ஐ-ஃபைவ் போதும். பெரிய அலுவலகங்கள் கழித்துக்கட்டியது சேலத்தில் மலிவாகக் கிடைக்கும். ஒன்றே ஒன்றுதான் முக்கியம்: திரையில் படம் காட்டும் வசதி அந்தப் பிராசசருக்குள்ளேயே இருக்க வேண்டும். சிலதில் இருக்காது, அதற்குத் தனியாக கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும். அதற்கு நம்மிடம் வக்கில்லை.

பிலிப்பிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். “ஆமா ஆமா” என்றார்.

இந்த ஆள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். யாரிடமும் ‘இல்லை’ என்றதில்லை. தீர்ந்துபோன இருமல் மருந்தைக் கேட்டாலும் “ஆமாங்க, வந்துருமுங்க” என்பார். இருமுகிறவர்களும் இவரைக் கும்பிட்டுவிட்டு இருமிக்கொண்டே போவார்கள்.

ஜூன் 14, சனி

சேலம் போய் வந்தேன். உயிர் இருக்கிறது.

பஸ்ஸில் என் காலடியில் பழுத்து வெடித்த பலாப்பழம். பின் சீட்டில் மீன் வறுவலோடு ஒரு புண்ணியவான். மூன்றாவது வளைவில் நான் தொடங்கி வைத்தேன். என்னைப் பார்த்து முன் சீட்டுக் குழந்தை. குழந்தையைப் பார்த்து அதன் அம்மா. அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் பாதி பஸ் வாந்தியால் எனக்குச் சொந்தமாகிவிட்டது. கண்டக்டர் பார்த்த பார்வையை எந்தச் சோப்பாலும் கழுவ முடியாது.

கடையில் என்னால் நிற்க முடியவில்லை. வாசற்படியில் எலுமிச்சம்பழத்தை மோந்தபடி உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரரோ நான் கேட்டதற்கெல்லாம் பிலிப்பைப் பார்த்தே பதில் சொன்னார். “சாருக்கு என்னங்க வேணும்?” சாருக்கு டீ வேண்டியிருந்தது. வாங்கியும் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் பிலிப் வெற்றிவீரர்போல வந்தார். “எட்டாம் தலைமுறை வெலைக்கே ஒம்பதாவது குடுத்துட்டாரு!”

ஒன்பது எட்டைவிடப் பெரியது. எனக்கும் வாய் பிளந்தது. நாள் கணக்கில் படித்த பாடத்தை ஒரு நொடியில் மறந்தேன். பேராசைக்கு வாந்தி மயக்கம் வேறு துணை.

ஜூன் 15, ஞாயிறு

மாதா கோவிலுக்குப் போய் வந்து, ஜெபம் சொல்லி, பூட்டினோம். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் எங்கள் புகைபோக்கிபோலக் கருப்பு. இன்னொரு ஜெபம். அதே கருப்பு.

யுவராஜ் வந்து பெட்டிக்குள் தலையை விட்டார். வெளியே எடுத்தபோது அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்!

“அக்கா, இதுக்குள்ள படம் காட்டற சமாச்சாரமே இல்லீங்க. கார்டு தனியா போடோணும். அதான் மலிவாத் தள்ளி உட்டுருக்கறான்.”

பிலிப்பைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

“கடைக்காரரு ஒண்ணும் கேக்கலீங்களா?”

“கேட்டாரு... கிராபிக்ஸ் கார்டு ஊட்ல இருக்குதுங்களான்னு.”

“நீங்க?”

“ஆமாங்கன்னேன்.”

“எதுக்குங்க?”

“டீ வாங்கிக் குடுத்தாரு ஸ்டெல்லா. குடிச்ச வாயில இல்லீங்கன்னு எப்பிடிச் சொல்றது?”

த்தூ! ஒரு டீ. அதுவும் ஏடு மிதந்த டீ. நான் வாசலிலிருந்தே பார்த்தேன். அதற்காக என் வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இந்தப் பக்கத்து ஜனங்களே இப்படித்தான். ஒருவர் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான். வீட்டில் இருக்கிறவளின் பிழைப்பு வாடினால் பரவாயில்லை. மரியாதையாம்! இந்த மரியாதையைப் பார்த்தால் எனக்குப் பஸ் ஏறாமலே வருகிறது.

ஜூன் 16, திங்கள்

பிலிப்புக்குச் சோறு போட்டேன். குழம்பு ஊற்றவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கடைக்குப் போன் செய்தேன். “சாரே இருக்குதுன்னு சொன்னாருங்க. வித்தா வித்ததுதானுங்க” என்று வைத்துவிட்டார்.

பிரஸ்ஸிலிருந்து போன். “ஸ்டெல்லா, உங்களுக்கு ஒரு சேர் போட்டாச்சுங்க. ஃபேனுக்குக் கீழயே.” ஃபேனுக்குக் கீழ்! அங்கே போய்ச் சேரும்போது என்னை உலர்த்தத்தான் அது ஆகும்.

சாயங்காலம் மலைமேலேயே இருக்கும் திண்ணனூர் நாட்டிலிருந்து பாப்பாயி வந்தாள். பேரனின் காதணி விழாவுக்குப் பேனர் வேண்டுமாம். மாமன்மார் படங்களை மிளகுப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கருத்த திரையைப் பார்த்தாள்.

“என்ன கண்ணு, பொட்டி மூஞ்சியத் திருப்பிக்கிச்சா?”

“ஊட்டுக்காரரு வாங்கிட்டு வந்தது.”

“அட சாமி! எங்கூட்டாளு சந்தையில மாடு வாங்கப் போயி, விக்கறவன் அழுதான்னு சும்மா திரும்பி வந்தவன். நானே போயித்தான் ஓட்டியாந்தேன். நீ ஏங் கண்ணு இன்னும் உக்காந்திருக்க?”

அவள் போன பிறகும் நான் அதே இடத்தில்தான் இருந்தேன். போகலாம்தான். ஆனால் அந்த வளைவுகள்...

ஜூன் 20, வெள்ளி

தனியாகப் போனேன். பிலிப் கூட வருகிறேன் என்றார். “நீங்க வந்தா மறுபடியும் டீ குடுப்பாங்க” என்று விட்டுவிட்டுப் போனேன்.

வழியில் நடந்ததை எழுத வேண்டாம். கடைக்குள் நுழையும்போது என் நிறம் கோவைக்காய்.

“சார் வரலீங்களா?”

“இல்லீங்க. படம் காட்டற எட்டாந் தலைமொறை குடுத்துட்டு இத வாங்கிக்குங்க.”

“அதான் மாத்தித் தரமாட்டோம்னு...”

“பரவால்லீங்க. எனக்கு இன்னும் வாந்தி நிக்கல. செத்த உக்காந்துட்டுப் போறேன்.”

கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு, கேரி பேக்கை விரித்து வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். முதல் ஓங்கரிப்பு நிஜம். இரண்டாவதில் கொஞ்சம் கலப்படம். மூன்றாவது முழுக்க என் சொந்தத் தயாரிப்பு. அடிவயிற்றிலிருந்து, சங்கு ஊதுவதுபோல. லேப்டாப் பார்க்க வந்த தம்பதி மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார்கள். சார்ஜர் கேட்டு வந்தவர் படியோடு நின்றுவிட்டார்.

“அம்மா, வெளில காத்தாட உக்காருங்களேன்.”

“வெளில வெயிலுங்க. வெயில்ல இன்னும் ஜாஸ்தியா வரும்.”

நான்காவதற்கு மூச்சை இழுத்தேன். அவர் அலமாரியைத் திறந்துவிட்டார்.

“இதாங்க. பழசுங்க. அப்பறம் ஸ்லோன்னு சொல்லக்கூடாது.”

“பழசுதானுங்க கேட்டதே. மாட்டி, படம் வர்றதக் காட்டுங்க.”

மாட்டினார். படம் வந்தது. நீலமாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக. அந்த மனிதர் இந்த முறை என் முகத்தைப் பார்த்தே பேசினார். எங்கே வருகிறதோ என்று கண்ணெடுக்கவே இல்லை. எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது. ஒரு பிராசசருக்காக நாற்பத்தாறு வயதில் இப்படியா? வேறு எப்படிக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்?

ஜூன் 21, சனி

வேலை செய்கிறது. பிலிப் சத்தமில்லாமல் பெட்டிக் காற்றோட்டத் துளைகளுக்குக் கொசுவலை ஒட்டினார். இன்று குழம்பு ஊற்றினேன்.

ஜூன் 30, திங்கள்

எழுத நேரமில்லை. காலையிலிருந்து பாப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து என் உயிரை எடுக்கிறாள். “எந்தம்பி மீசைய இன்னுஞ் செத்தப் பெருசாக்கு கண்ணு. சம்பந்தி மீசையக் கம்மி பண்ணிரு.” மாமன்மார் எல்லோரும் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள். ஒருவர் மூக்கிலிருந்து வெளியே வந்திருப்பது முடியா நிழலா? முன்னூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். முடிதான். உவ்வே. அழித்தேன்.

அத்தனை மாமன்மாரையும் ஒன்றாகத் திறந்தபோது பெட்டி முக்கி முனகியது. ஆனால் நிற்கவில்லை.

அருணாசலத்திடமிருந்து வாட்ஸப்: “நேத்து அனுப்புனது வந்துருச்சுங்க. பிரிண்ட் போட்டுட்டேன். இன்னும் நாலு அனுப்பறேன், சாயங்காலத்துக்குள்ள குடுங்க. அந்தச் சேர வேற ஆளுக்குக் குடுத்துட்டேனுங்க, கோவிச்சுக்காதீங்க.”

வெளியே நாமக்கல் பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. பாப்பாயி ஜன்னலைப் பார்த்து, “ஆளு இருக்குதான்னு பாக்கறான்” என்றாள்.

நான் சம்பந்தியின் மீசையில் இருந்தேன்.