உனக்கு நான் சொன்ன நான்கு ஆலோசனைகள்

இன்று கொழும்பில், காலி வீதி பஸ்ஸில் யாரோ நெஞ்சில் தைலம் பூசியிருந்தார்கள். உன் சட்டைக்குள்ளிருந்து வந்த அதே மணம். இரண்டு தரிப்பிடங்களுக்கு முன்பே இறங்கி நடந்தேன்.

வெள்ளவத்தையில் தையற்கடை ஒன்றுக்கு மேலே, மூன்றாம் மாடியில் நமது ஜப்பானிய வகுப்பு. ஜப்பானில் தொழிற்சாலை வேலைக்குப் போகக் காத்திருந்த இருபது பேர். நான் மட்டும் பல்கலைக்கழகம் மூடிக் கிடந்ததால் வந்தவன். உங்கள் எல்லோரையும் கொஞ்சம் கீழாகவே பார்த்தேன். ஆணி முடுக்கப் போகிறவர்களுக்கு இத்தனை பணிவான மொழி எதற்கு?

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் கொழும்பில் தமிழருக்குத் தாராளமாகக் கிடைத்தது ஆலோசனைதான். பொட்டை அழித்துவிட்டு வெளியே போ. பஸ்ஸில் தமிழ் கதைக்காதே. கனடாவுக்குப் போ. சொன்னவர்கள் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். ஜப்பானிய மொழியிலும் அதற்கு ஒரு பாடம் இருந்தது. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் பிரச்சினையைச் சொல்ல, மற்றவர் ஆலோசனை சொல்ல வேண்டும். "பிரச்சினை கற்பனையாக இருந்தால் போதும்," என்றார் ஆசிரியர்.

மாடி ஏறினால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு வலிக்கிறது என்று ஜப்பானிய மொழியில் சொன்னாய்.

"யசுந்தா ஹோ கா ஈ தெஸ்," என்றேன். ஓய்வெடுப்பது நல்லது. வாரத்துக்கு ஒருமுறை இந்தப் பாடம். அடுத்த கிழமையும் அதே வலி. வெந்நீர் குடித்துப் பார்த்தால் என்ன? மூன்றாம் கிழமை: சிகரெட் பிடிக்காமல் இருப்பது நல்லது. நீ பிடிப்பதே இல்லை. வகுப்பு சிரித்தது. நான்காம் கிழமை: வைத்தியரிடம் போவது நல்லது. ஆசிரியர் என் உச்சரிப்பைப் பாராட்டினார்.

அன்று வகுப்பு முடிந்து இறங்கும்போது படியில் உட்கார்ந்துவிட்டாய்.

"வேற வருத்தம் கிடைக்கல்லையாடா உனக்கு? நாலு கிழமையா ஒரே நெஞ்சு வலி."

"இருக்கிறதத்தானே மச்சான் சொல்ல ஏலும்."

"அப்ப டொக்டரிட்டப் போ."

"போனா எழுதி வைப்பான். பிறகு ஜப்பான் போறதுக்கான மெடிக்கல் டெஸ்ட்ல வெட்டிருவாங்க. ரெண்டு தரம் பொலிஸ் என்னப் பிடிச்சிட்டுப் போனதில இருந்து அம்மா நித்திரை கொள்றதில்ல. நான் போகத்தான் வேணும். ஒருத்தருக்கும் சொல்லாத."

"ம்," என்றேன்.

உன் பயத்துக்கு மனதுக்குள் அடிமைத்தனம் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்ததும் அது என் பொறுப்பில்லை என்றாகிவிட்டது. படித்தவனுக்கு அவ்வளவு போதும்.

ஐந்தாம் கிழமை நீ வரவில்லை. கொட்டாஞ்சேனையில் உன் வீட்டு முன்னறையில் மேசையை ஒதுக்கிச் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களோடதானே மகன் எல்லாம் கதைப்பான். ஏதும் சொன்னவனா?"

"இல்ல ஆன்ட்டி. ஒண்டும் சொல்லல்ல."

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், நேரத்தோடு டொக்டரிடம் காட்டியிருக்கலாம் என்றார். அந்த மனிதரை அறைய வேண்டும் போலிருந்தது. அவர் சொன்னது என் நான்காவது ஆலோசனை.

இப்போது யாராவது என்ன செய்யலாம் என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே போகிறேன். வங்கிக்கு, பொலிசுக்கு, ஆஸ்பத்திரிக்கு. திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. ஆன்ட்டி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். அங்கே மட்டும் நான் போகவில்லை.