புரோட்டானைக் கட்டிப்போட்டவன்

டண்டீ,
2 மார்ச் 1971

என் அன்பு இஷ்பெலுக்கு,

நான் நலம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமா? பிள்ளை பிறக்கும்முன் வந்துவிடுவேன் என்று சொன்னது சொன்னதுதான். ஆனால் புளிப்பை அளக்கும் இந்த மீட்டர் முள் என் உயிரை வாங்குகிறது. பாக்டீரியாவின் சவ்விலுள்ள புரதம் வழியாக, புளிப்பைத் தரும் புரோட்டான் உள்ளே நுழையும்போது பால்சர்க்கரையையும் கையோடு இழுத்துப் போகிறது என்றால், வெளியே புளிப்புக் குறைந்து முள் ஏற வேண்டுமே! சர்க்கரையை ஊற்றுகிறேன், அசையவே மாட்டேன் என்கிறது. இந்த மாதத்துக்குள் காட்டாவிட்டால் என் மேசை வேறொருவனுக்காம். பேராசிரியர் சொல்லிவிட்டார்.

முத்தங்களுடன்,
முர்டோ

ஸ்டோர்னோவே,
6 மார்ச்

அருமை முர்டோ,

"மாப்பிள்ளை பேரு வைக்கவாவது வருவாரா?" என்று அப்பா கேட்கிறார். நான் என்ன சொல்ல?

நான்கு வருஷம் உன் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவள் கேட்கிறேன், பாக்டீரியாவை எதில் கலந்தாய்? வழக்கம்போல் பஃபர் கரைசலிலா? அட மண்டு! புளிப்பை மாறவிடாமல் பிடித்துவைப்பதுதானே பஃபரின் வேலை? உள்ளே போன புரோட்டானுக்குப் பதில் அது வேறொன்றை நீட்டிவிடும், முள்ளுக்கு என்ன தெரியும்? வெறும் உப்புத்தண்ணீரில் கலந்து பார். பார்த்துவிட்டு வீடு வந்து சேர்.

கோபத்தோடும் காதலோடும்,
இஷ்பெல்

டண்டீ,
11 மார்ச்

என் கண்ணே,

ஏறிடுச்சுடி! சர்க்கரை விழுந்ததும் முள் விறுவிறுவென்று ஏறியது. நான் போட்ட கூச்சலில் மாடியிலிருந்தவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

"சனிக்கிழமை இன்னொரு தடவை செஞ்சு காட்டு" என்றார் பேராசிரியர்.

"சனிக்கிழமைக் கப்பலை விட்டா, ஞாயித்துக்கிழமை எங்க தீவுக்குக் கப்பலே ஓடாது சார். என் பெண்டாட்டிக்கு இது மாசம்."

"அப்ப மேசை?"

"யாருக்கு வேணா குடுங்க!" வாய் தவறி வந்துவிட்டது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "மேசை இங்கேதான் இருக்கும், போய்த் தொலை. பஃபர் வேண்டாம்னு சொன்னது யாருப்பா?"

சொன்னேன். கட்டுரையில் உன் பெயரும் வருகிறது. சனிக்கிழமை கப்பலில் இருப்பேன்.

உன்
முர்டோ

ஸ்டோர்னோவே,
13 மார்ச்

முர்டோ,

உன் கடிதம் இன்று காலை வந்தது. பதிலைத் தபாலில் போட்டால் நடுக்கடலில் உன்னைத் தாண்டிப் போய்விடும். அதனால் அப்பாவிடம் கொடுத்துத் துறைமுகத்துக்கு அனுப்புகிறேன்.

நம் மகள் உனக்காகக் காத்திருக்கவில்லை. விடியும்போதே வந்துவிட்டாள். உன் மேல் கோபப்பட வேண்டும் என்று எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. துறைமுகப் படியெல்லாம் ஈரம், ஓடாதே. அவள் எங்கும் போய்விட மாட்டாள்.

இஷ்பெல்