செட்டியார் பொம்மைக்கு முன்னால் பார்லி

செப்டம்பர் 21, 2025, ஞாயிறு

கொலுப் படி கட்டியாயிற்று. அம்மா போன பிறகு நான் தனியாக வைக்கும் முதல் கொலு. செட்டியார் பொம்மைக்கு முன்னால் அம்மா அரிசி, பருப்பு குவிப்பாள். நான் பாண்டிச்சேரியில் உள்ள எங்கள் ஆலையிலிருந்து முளைகட்டி வறுத்த பார்லி கொண்டுவந்து குவித்தேன். பீர் காய்ச்சுகிறவள் வீட்டுச் செட்டியார் வேறு என்ன விற்பார்?

எதிர் ஃப்ளாட் ஸ்ரீரஞ்சனிக்கு என்று பாண்டி பஜாரில் தேடி, மயில்கழுத்து நிறத்தில் ரவிக்கைத் துணி வாங்கினேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதி. கையில் பீர் கிளாஸோடு என் படம் பத்திரிகையில் வந்ததிலிருந்து, லிஃப்டில் என்னைப் பார்த்தால் போனை எடுத்து நோண்டுகிறாள்.

செப்டம்பர் 22, திங்கள்

குங்குமச் சிமிழோடு போய் அழைத்தேன். வாசலிலேயே இட்டுக்கொண்டாள்.

"மாமியார் ஒத்துக்க மாட்டாடி. என் நிலைமை உனக்குப் புரியாதா?"

புரிகிறது. அவள் மாமியார் காமாக்ஷி மாமி மடி, ஆசாரம் பார்ப்பவர். அவரை அழைக்கவே பயந்து திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

கொண்டைக்கடலைச் சுண்டல். நானே சாப்பிட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

பதினைந்து வருடம் பிறர் ஆலைகளில் காய்ச்சினேன். பிறகு சொந்த ஆலை. கடன் கேட்டுப் போன இடமெல்லாம் "வீட்டுக்காரர் வரலையா?" என்றார்கள். அப்போது அழவில்லை. இன்று கீழ்வீட்டில் ஒரே கும்பல், பாட்டு. என் வாசலில் ஒரு ஜோடி செருப்புகூட இல்லை. அழுதேன். அப்படி என்ன பண்ணிட்டேன் நான்? திருடினேனா?

செப்டம்பர் 29, திங்கள்

ஆலையிலிருந்து சக்திவேல் போன் செய்தார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர், முதல் நாளிலிருந்து என்னோடு இருப்பவர்.

"டேங்க்கெல்லாம் சோக்கா கீது மேடம். ஆயுத பூஜைக்கு வந்துருவீங்கல்ல?"

வீட்டில் கொலு, வர முடியாது என்றேன். "சரி மேடம்."

புதன்கிழமைதான் ஆயுத பூஜை. கடைசி நாளாயிற்றே, அன்றைக்காவது ரஞ்சனி வரமாட்டாளா?

அக்டோபர் 1, புதன்

சாயங்காலம் காலிங் பெல். ஓடினேன். காமாக்ஷி மாமி!

"கொலுவுக்கு என்ன அழைப்பு வேண்டிக் கெடக்குன்னு நானே வந்துட்டேன்."

படிப்படியாகப் பார்த்துவிட்டு செட்டியாரிடம் நின்றார். "இது என்னடி தானியம்?"

"பார்லி, மாமி. இதுலேர்ந்துதான் பீர்." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாமி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "தித்திக்கறதே!"

சுண்டல் சாப்பிட்டார். ஒரு பாட்டும் பாடினார். கிளம்பும்போது சொன்னார்: "தெனம் ரஞ்சனியைக் கேட்டுண்டே இருந்தேன், வாடி, போய்ட்டு வரலாம்னு. நீ பாண்டிச்சேரி போயிட்டேன்னு சொல்லிட்டா. இப்பதான் உன் சமையல்கட்டுல லைட்டைப் பார்த்தேன்."

சிரித்து வைத்தேன். வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி கொடுத்து அனுப்பினேன். மயில்கழுத்து அல்ல, வேறொன்று.

மாமி தடுக்கவே இல்லையா? அப்போ அவதானா?

அக்டோபர் 2, வியாழன்

விடிவதற்குள் காரை எடுத்துவிட்டேன். ஆலையில் டேங்குகளுக்குச் சந்தனப் பொட்டு, மாலை எல்லாம் நேற்றே போட்டிருந்தார்கள். கற்பூரம் மட்டும் ஏற்றாமல் தட்டில் அப்படியே இருந்தது.

"நீங்க இல்லாம எப்டி மேடம் ஏத்துறது?" என்றார் சக்திவேல்.

ஏற்றினேன். பிறகு, பாட்டில் நிரப்புகிற மணிமொழியைக் கூப்பிட்டு, குங்குமம் கொடுத்து, கைப்பையிலிருந்த மயில்கழுத்துத் துணியை வெற்றிலை பாக்கோடு நீட்டினேன்.

"எனக்கா மேடம்?"

"உனக்குத்தான்."