பக்கம் எண்பத்தெட்டில் ஒரு கோடு

2 மார்ச் 1998

அன்புள்ள ஹெல்காவுக்கு,

உன் அக்கா கெர்த்துவிடம் கேட்டு இந்த முகவரியைப் பெற்றேன். பிரியும்போது, இனி ஒருவருக்கொருவர் எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்டோம். பத்தரை ஆண்டுகளாக நான் அதை மீறவில்லை. இப்போது மீறுவதற்குத் தக்க காரணம் இருக்கிறது என்பதை மட்டும் முதலில் நம்பு.

ஆய்வகத்தின் பழைய கூடத்தைக் கோடைக்குள் காலி செய்கிறார்கள். கிடங்கைப் பிரித்து அடுக்கும் பொறுப்பு என்னுடையது. சென்ற வாரம் ஒரு மரப்பெட்டியில் பதிவுக்கருவியின் தாள் சுருள்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று 19 ஜூன் 1987 அன்று ஓடியது.

உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. இருந்தாலும் ஒழுங்குக்காக எழுதுகிறேன். அன்று நடுக்கோடை விழாவுக்கு முந்தைய நாள். லித்தியம் அணுக்கருக்களை பிஸ்மத் தகட்டின் மீது மோதவிட்டு, அவை இரண்டாக உடைவதைப் பார்க்க இருந்தோம். தகட்டை நெருங்கும்போதே உடைகின்றனவா, கடந்துபோன பிறகு தாமாக உடைகின்றனவா என்பதே கேள்வி. இரண்டு துண்டுகளும் ஒரே கணத்தில், துகள்களை உணரும் சிலிக்கான் வில்லைகளில் வந்து விழுந்தால்தான் அதை உடைவு என்று எண்ணுவோம். ஒரு துண்டு மட்டும் வந்தால் ஒதுக்கிவிடுவோம். முன்வரிசை வில்லையை நண்பகலில் நீ பொருத்தினாய். மூன்று மணிக்கு நாம் வெற்றிடக் கலனைத் திறந்தபோது அதில் விரிசல் இருந்தது.

என் கேள்வி ஒன்றே. வில்லையைப் பொருத்திய பிறகு, கலனை மூடும் முன், நீ அதைச் சோதித்தாயா? அன்றும் இதைக் கேட்டேன். அன்று நீ தந்த பதிலை நான் ஏற்கவில்லை. மீண்டும் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

நீ நலமாக இருப்பாய் என்று கருதுகிறேன்.

இப்படிக்கு,
ரைமோ வன்ஹாலா


கெமி, 14 மார்ச் 1998

ரைமோ,

முழுப்பெயர் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறாய். எத்தனை ரைமோக்களை நான் மணந்தேன் என்று நினைத்தாய்?

நலம்தான். இங்கே கடல் இன்னும் உறைந்தே கிடக்கிறது. நான் நகராட்சி நீச்சல் குளத்தில் அலமாரிச் சாவி கொடுக்கிறேன். ரப்பர் வளையத்தில் கோத்த சாவி, கையில் மாட்டிக்கொள்ளலாம். சௌனா என்ற நீராவிக் குளியலறையிலிருந்து வெளியே வரும் கிழவர்கள் தங்கள் எண்ணை மறந்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வருவார்கள். கீழே விழுந்தாலும் உடையாத பொருளாகப் பார்த்துத்தான் இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தேன்.

சோதித்தேன். பதினொரு நிமிடம். சிலிக்கானுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால், பம்ப் பார்க்கும் ஓஸ்மோ கலனின் வாயில் கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நானும் உள்ள போய் ஒளிஞ்சுக்கறேன் ஹெல்கா, ரைமோ கேட்டா லீவுன்னு சொல்லிடு" என்றான். மின்னோட்டமுள் அசையவே இல்லை. வில்லை முழுசாக இருந்தது. சந்தையில் ஒரு மணிக்குக் கடையைக் கட்டிவிடுவார்கள், ஸ்ட்ராபெர்ரியும் புது உருளைக்கிழங்கும் வாங்க வேண்டும், மூன்றரைக்கு, விழாவுக்காக அக்காவின் தீவுக்குப் படகு. வந்து எழுதிக்கொள்ளலாம் என்று பதிவேட்டைத் திறந்தபடி வைத்துவிட்டு ஓடினேன்.

நான் திரும்பி வந்த பிறகு, சோதித்துவிட்டுத்தான் போனேன் என்றபோது நீ சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "புத்தகத்துல இல்லாதது நடக்கல ஹெல்கா." ஆய்வகத்தில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் அதற்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை.

இவ்வளவு வருடம் கழித்து எதற்குக் கேட்கிறாய்? நெருங்கும்போது உடைந்ததா, கடந்த பிறகு உடைந்ததா என்று நமக்கும் ஒரு வரைபடம் போட உட்கார்ந்திருக்கிறாய் என்றால், வேண்டாம். லித்தியத்தோடு நிறுத்திக்கொள்.

ஹெல்கா


23 மார்ச் 1998

அன்புள்ள ஹெல்காவுக்கு,

நீ சொன்ன பதினொரு நிமிடம் தாளில் இருக்கிறது.

அந்தக் கருவியில் இரண்டு பேனாக்கள் உண்டு. நீலம் வில்லையின் மின்னோட்டத்தையும் சிவப்பு கலனின் அழுத்தத்தையும் வரையும். 12.06 முதல் 12.17 வரை நீலக்கோடு அளவுகோல் வைத்து வரைந்தாற்போல் நேராக ஓடுகிறது. நீ பொருத்தி முடித்தபோது அந்த வில்லையில் எந்தக் குறையும் இல்லை.

சிவப்புக்கோடு 13.51க்கு விழத் தொடங்குகிறது. இரண்டு நிமிடத்துக்குள் அடியைத் தொட்டுவிடுகிறது. தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள சிலிக்கான் உள்ளே இருக்கும்போது, காற்றை வெளியேற்ற இருபது நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். வால்வில் கால் சுற்று, காத்திருப்பு, மீண்டும் கால் சுற்று. அந்த விதியை எழுதியவன் நான். கூடத்தின் கதவில் ஒட்டியிருந்ததும் என் கையெழுத்துத்தான். அன்று வால்வைத் திருப்பியவனும் நான். பாய்ந்து வெளியேறிய காற்றில்தான் வில்லை விரிசல் விட்டிருக்கிறது. 14.20க்கு மின்னழுத்தம் கொடுத்தவுடன் நீலக்கோடு தாளின் விளிம்பைத் தாண்டி ஓடிவிடுகிறது.

ஏன் அவசரப்பட்டேன் என்றால், அன்று காலை நீ என்னிடம் சொல்லியிருந்தாய்: "இந்த வருஷமாவது படகுக்கு நேரத்துக்கு வந்து சேரு ரைமோ." இதைச் சாக்காகச் சொல்லவில்லை. உண்மையாக இருப்பதால் சொல்கிறேன்.

நான் மறைத்தேனா என்று கேட்பாய். இல்லை. "விதிப்படி காற்று வெளியேற்றப்பட்டது" என்ற வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் வால்வைத் தொடும் முன்பே எழுதிவிடுவது என் வழக்கம். ஏனெனில் அது எப்போதும் உண்மையாகவே இருந்தது. அன்றும் முன்னதாக எழுதினேன். பிறகு, எழுதியதை நானே நம்பினேன். உன் சோதனை புத்தகத்தில் இல்லாததால் நடக்கவில்லை. என் இருபது நிமிடம் புத்தகத்தில் இருந்ததால் நடந்துவிட்டது.

அதன் கீழே, பக்கம் எண்பத்தெட்டில், நான் எழுதியது உனக்குத் தெரியும்: "முன்வரிசை வில்லையில் விரிசல். காரணம்: பொருத்தியவரின் கை நடுக்கம்." அன்று காலை நீ கொண்டுவந்த காபிக் கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியதைப் பார்த்திருந்தேன். பார்த்ததை எழுதினேன். அதை அடித்துவிடச் சொல்லி நீ கேட்டாய். பொய்யென்று காட்டினால் அடிக்கிறேன் என்றேன்.

இப்போது காட்டப்பட்டுவிட்டது. பிழையான பதிவைத் திருத்த, எழுதியவரும் அதில் குறிப்பிடப்பட்டவரும் கையொப்பமிட வேண்டும். பக்கத்தில் ஒட்டுவதற்கான திருத்தச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கையொப்பம் இட்டாயிற்று.

ரைமோ வன்ஹாலா


கெமி, 3 மே 1998

ரைமோ,

சீட்டு மேசையில் ஆறு வாரமாகக் கிடக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது.

என் அப்பாவை உனக்குத் தெரியும். கை நடுக்கத்தில், கரண்டியில் அள்ளிய சூப் அவர் வாய்வரை போய்ச் சேராது. கடைசி மூன்று வருடம் சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிட்டாள். பிள்ளைகளுக்கும் வரலாம் என்று வைத்தியர் சொன்னதை உன்னிடம் ஒரே ஒரு முறை சொன்னேன். நீ தலையசைத்தாய். பிறகு நாம் அதைப் பேசவில்லை.

நான் உன்னைவிட்டுப் போனது கோபத்தில் என்றுதானே நினைத்திருக்கிறாய்? "உன் புத்தகத்தோடயே குடும்பம் நடத்து" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினேன். அப்படி நினைக்க வேண்டும் என்றுதான் அப்படிக் கத்தினேன். உண்மை வேறு. அந்த வரியைப் படித்ததும் எனக்குத் தொடங்கிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன். சொன்னது நீ. பார்க்காததை நீ எழுத மாட்டாய். உன்னை எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

அம்மா மாதிரி நீ எனக்குப் பொத்தான் போட்டுவிடுவாய், அதில் சந்தேகமில்லை. ஆனால் நான் கைநழுவ விடும் ஒவ்வொரு கோப்பைக்கும் மணியும் நிமிடமும் எழுதி வைப்பாய். அதைத் தாங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு நான் ஒரு வில்லையையும் தொடவில்லை. வருடந்தோறும் வசந்தத்தில் ஓலு நகருக்குப் போய் நரம்பு வைத்தியரைப் பார்க்கிறேன். கைகளை நீட்டச் சொல்வார். விரல்கள்மேல் ஒரு தாளை வைப்பார். தாள் அசையாது. "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா, ஏன் வருஷா வருஷம் வர்றீங்க?" என்பார். நான் அவரை நம்பவில்லை. உன்னைத்தான் நம்பினேன். பத்தரை வருடம், வராத ஒரு நோய்க்காகக் காத்திருந்தேன்.

கோப்பை ஆடியதே, அதற்கும் காரணம் சொல்கிறேன். அன்று உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். காலையிலிருந்தே படபடப்பு. படகில் ஏறியதும் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். பிள்ளை பெற்றுக்கொள்வோமா என்று. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. படகு போய்விட்டது. இந்தக் கைகளை வைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று, கேட்காமலே விட்டுவிட்டேன்.

ஒரு துண்டு மட்டும் வந்து விழுந்தால் நீங்கள் யாரும் எதையும் முடிவு செய்ய மாட்டீர்கள். இரண்டும் வர வேண்டும். என் விஷயத்தில் மட்டும் உனக்கு ஒரு கோப்பை போதுமாக இருந்தது.

ஹெல்கா


11 மே 1998

அன்புள்ள ஹெல்கா,

இந்தக் கடிதத்தை ஆறு முறை தொடங்கிவிட்டேன். எதிலும் இரண்டாவது பத்தி இல்லை.

நீ கேட்டிருந்தால் நான் சரி என்றிருப்பேன். இதற்கு எந்தப் பதிவேட்டிலும் சான்று இல்லை. இருந்தாலும் உண்மை.

திருத்தச் சீட்டை மறந்துவிடு. பக்கம் எண்பத்தெட்டைக் கிழித்துவிடுகிறேன். முப்பது ஆண்டுகளில் நான் ஒரு பக்கத்தையும் கிழித்ததில்லை. கிழித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆகட்டும்.

ஜூன் 19, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.40க்குக் கெமி வந்து சேரும் ரயிலில் இடம் எடுத்திருக்கிறேன். இம்முறை நேரத்துக்கு வருவேன். வர வேண்டாம் என்று நீ எழுதினால் வரமாட்டேன்.

ரைமோ வன்ஹாலா


கெமி, 25 மே 1998

அன்புள்ள ரைமோ,

சரி என்றிருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குச் சான்று வேண்டாம்.

வர வேண்டாம். உன்னைத் தண்டிக்கிறேன் என்று நினைத்துவிடாதே. பலமுறை யோசித்துப் பார்த்தேன். ரயில் நேரத்துக்கு வரும். நான் நடைமேடையில் நின்று உன் பெட்டியை வாங்கக் கையை நீட்டுவேன். நீ முதலில் பார்ப்பது என் முகத்தை அல்ல, கையை. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பாய். நீ பார்க்கிறாயா என்று நான் பார்ப்பேன். அதன் பிறகு ஒரு காபிகூட நம்மால் குடிக்க முடியாது.

பக்கத்தைக் கிழிக்காதே. கிழித்துவிட்டால் பத்தரை வருடத்துக்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும். ஒழுங்காகத் திருத்து, உனக்குத் தெரிந்தபடி.

சீட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்று காலை, குளத்தின் சாவி மேசையில், கயிற்றில் கட்டிய பேனாவால், நின்றுகொண்டே போட்டது. அதை நன்றாகப் பார். உன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார். பார்த்த பிறகு எனக்கு எழுத வேண்டாம்.

ஓஸ்மோ இருந்தால் விசாரித்ததாகச் சொல்.

ஹெல்கா


19 ஜூன் 1998

ஹெல்கா,

எழுத வேண்டாம் என்றாய். திருத்தம் முடிந்ததும் குறிப்பிடப்பட்டவருக்குத் தெரிவிப்பது விதி. அதனால் இந்த ஒன்று மட்டும். இதற்குப் பதில் எழுத வேண்டியதில்லை.

இன்று பிற்பகல் 3.40க்கு, வெறுங்கூடத்தில், ஓஸ்மோ சாட்சியாக நிற்க, பதிவேடு பதினான்கைத் திறந்து பக்கம் எண்பத்தெட்டைத் திருத்தினேன். சீட்டு ஒட்டப்பட்டது. அதில் எழுதியிருப்பது: "பொருத்தியவரின் கையில் குறை ஏதுமில்லை. வில்லை பொருத்திய பின் பதினொரு நிமிடம் சோதிக்கப்பட்டது. விரிசலுக்குக் காரணம், காற்றை வெளியேற்றியவரின் அவசரம்." கீழே என் கையொப்பம், பிறகு உன்னுடையது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டில் நடுங்கியிருப்பது என்னுடையது.

ஓஸ்மோ குனிந்து சீட்டைப் படித்தான். நீ விசாரித்ததைச் சொன்னேன். "துணிய நான்தான் பிடிச்சேன், ரைமோ. அன்னைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றான். கேட்கவில்லை என்றேன். அவன் பெயர் புத்தகத்தில் இல்லை என்பதால் கேட்கவில்லை. அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு நடுக்கோடை விழாவுக்குப் படகு பிடிக்கப் போய்விட்டான்.

பழைய வரியின் மேல் அளவுகோல் வைத்து ஒரே ஒரு கோடு இழுத்தேன். சுரண்டக் கூடாது, மை பூசி மறைக்கக் கூடாது, அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும். கதவில் ஒட்டியிருந்த தாளில் அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

படிக்கும்படியே இருக்கிறது.

ரைமோ