ஆயுத பூஜைக்கு மாற்றிய கண்ணாடி

மாப்ளே,

இன்று காலை பேத்தியின் தொட்டிலுக்குப் பின்னால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். பல்லி என்றாள் என் மகள். தொட்டிலை நகர்த்திப் பார்த்தேன். போன வாரம் அவளுக்குத் தெரியாமல் சுவர் விரிசலின் குறுக்கே நான் ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டு, நடுவில் இரண்டாகியிருந்தது. விரல் அகலம், ஒரு சாண் நீளம், இரண்டு முனையிலும் ஒரு கரண்டி சிமெண்டு. நீ ஒட்டுகிற மாதிரியேதான் ஒட்டியிருந்தேன்.

நம் பட்டு நூல் ஆலை இப்போது குடியிருப்பாகிவிட்டது. செங்கல் சுவர், வளைவு ஜன்னல், புகைபோக்கி எல்லாவற்றையும் இடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். தசரா பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். பட்டுக்கூடு வேகவைத்த நம் கூடத்தில் ஆறு வீடுகள். கிழக்குச் சுவரை ஒட்டியது என் மகளுடையது. சின்னப் பிள்ளையில் அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள், அங்கேயே குடிவந்திருக்கிறாள். அடைமழை பெய்தால் மூலையிலிருந்து அதே நாற்றம் எழும்புகிறது. அவள் அதை மறந்துவிட்டாள், எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரிகிறது.

அந்தச் சுவருக்கு அடியில் பழைய வெந்நீர்க் குழி இருந்ததும், அதை வெறும் மண்ணைக் கொட்டி மூடியதும் உனக்கும் எனக்கும் தெரியும். நீ ஆலைக் கொத்தனார், நான் எலக்ட்ரீசியன். உறவு ஒன்றும் கிடையாது, ஆனாலும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்பதால் ராமாபுரத்துக்காரன் நீ எனக்கு மாப்ளே, கொள்ளேகாலத்துக்காரன் நான் உனக்கு மச்சான். விரிசல் கண்ட இடத்திலெல்லாம் கண்ணாடி ஒட்டி, ஈர சிமெண்டில் ஆணியால் தேதி கீறி வைப்பாய். உடைந்தால் மேனேஜரைக் கூட்டிவந்து காட்டுவாய். பிறகு சிமெண்டையும் கொத்தி எடுத்துவிட்டு, புதுக் கண்ணாடி, புதுத் தேதி. கண்ணாடியை இப்படி வீணாக்குகிறாயே என்று கேலி செய்வேன்.

“அது ஒடையறதுக்குத்தான் இருக்குது மச்சா. செவுரு நகந்தா மொதல்ல அதுதான் நமக்குச் சொல்லோணும்” என்பாய்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம், ஆயுத பூஜைக்கு ஆலையைக் கழுவி வெள்ளையடித்தோம். கிழக்குச் சுவரில் ஏழு கண்ணாடி. நாலு உடைந்திருந்தது. பூஜை நாளில் உடைந்த கண்ணாடி இருக்கலாமா? உனக்கு உதவி செய்கிற நினைப்பில் நாலையும் பெயர்த்துவிட்டு, உன் பழைய சிமெண்டிலேயே புதுத் துண்டுகளை, ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற இளகின பட்டி வைத்துச் செருகினேன். நீ கீறிய தேதிகளைத் தொடவில்லை. உன் கையெழுத்து ஆயிற்றே. மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ரொம்பத் திருப்தியாக இருந்தது, போ.

சாயங்காலம் பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். நீ பொரியைத் தொடவில்லை.

“கெழக்குச் செவுத்துக் கண்ணாடி எப்புடி இருக்குது?”

“முழுசா இருக்குது. நீ நிம்மதியாப் படு.”

உன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

ஆலை மூடி எத்தனையோ வருஷம் கழித்து, அதை வீடுகளாக்குவதற்கு முன் ஒரு இன்ஜினியர் வந்தார். பழைய ஆள் என்று வழிகாட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கிழக்குச் சுவரைத் தட்டிப் பார்த்தார், சுரண்டிப் பார்த்தார், பிறகு கண்ணாடிகளுக்கு மேலிருந்த தேதிகளைப் படித்தார். இத்தனை வருஷத்தில் ஒன்றுகூட உடையவில்லை, இந்தச் சுவர் அசையவே இல்லை, இதை இடிக்க வேண்டாம் என்று கன்னடத்தில் சந்தோஷமாகச் சொன்னார். அதில் நாலு நான் இளகின பட்டியில் செருகியது, சுவர் நகர்ந்தாலும் உடையாது. சொன்னால் சுவரை இடித்துவிடுவார்கள். அதோடு, சாகக் கிடந்த உன்னிடம் பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டேன். கண்ணாடிகளை எடுத்துவிட்டு விரிசல் மேலேயே பூசினார்கள்.

இந்த மழையில் மகள் வீட்டுக் கதவு நிலையில் இடிக்கிறது. பேத்தியின் போர்வையில் தினமும் கொஞ்சம் செங்கல் பொடி. “சும்னே பயப்படாதீங்கப்பா, இன்ஜினியரெல்லாம் பாத்து ஓகே பண்ணின செவுரு இது” என்கிறாள் மகள், கன்னடம் கலந்து. அந்த இன்ஜினியர் யாரை நம்பினார் என்று அவளுக்குத் தெரியாது. உன்னை நம்பினார், மாப்ளே. உன் தேதிக்குக் கீழே இருந்தது என் கண்ணாடி.

அந்த ஆயுத பூஜைக்குப் பெயர்த்த உடைந்த துண்டுகளைத் தெருவில் போட மனசில்லாமல் காகிதத்தில் சுற்றி என் டூல்ஸ் பையில் வைத்திருந்தேன். இன்றுவரை அங்கேயேதான் இருக்கின்றன. பதினோரு மணிக்கு வாசலில் குடியிருப்போர் சங்கக் கூட்டம். அந்த இன்ஜினியரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். ஆறு வீட்டுக்காரர்களும் என்னை என்ன சொல்வார்களோ. மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றும் தெரியவில்லை. தொட்டிலைத் தூக்கி எதிர்வீட்டில் போட்டாயிற்று. காலையில் உடைந்த கண்ணாடியை மட்டும் நான் எடுக்கவில்லை. சுவரிலேயே இருக்கட்டும், எல்லாரும் வந்து பார்க்கட்டும்.

ஆனால் அவர்களுக்கு முன்னால் உனக்குச் சொல்லிவிட வேண்டும். அன்று ஆஸ்பத்திரியில் நீ கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான்: நாலு உடைந்திருந்தது, மாப்ளே.