சாமுவிடம் பேசிவிட்டேன், நைனா

என் செல்ல நைனாவுக்கு,

சந்தோஷத்தில் எழுதக் கை பரபரக்கிறது. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: நான் சாமுவிடம் பேசிவிட்டேன்! உன் மகனிடம், என் தம்பியிடம்!

ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்பாய். உன்னை அடக்கம் செய்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், அத்தனை சொந்தக்காரர்கள் எதிரில் சாமு, "நைனா முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கவே இல்லியே, பரலோகத்துல சேத்துப்பாங்களா?" என்றான். நீ குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானத்தில் உன் தலையில் தெளித்த தண்ணீர், திருப்பதியில் அவன் போய்ச் சேர்ந்த சபைக்குப் போதாதாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்? "எழுந்து போடா வெளிய" என்று கத்தினேன். போனான். அதோடு பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு புத்தூரில் நம் சர்ச்சில் திருவிருந்துக்கு எல்லாரும் அப்பமும் ரசமும் வாங்க எழுந்து போகும்போதெல்லாம் நான் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவேன். உடன்பிறந்தவன்மேல் கசப்பை வைத்துக்கொண்டு அந்த அப்பத்துக்குக் கை நீட்டக்கூடாது அல்லவா? நேர்மையாக இருக்கிறேன் என்று எனக்குப் பெருமை வேறு! மனதில் அன்பு வந்தால் போய்ப் பேசலாம் என்று காத்திருந்தேன். அது வருகிற வழியாக இல்லை.

போன ஞாயிறும் எல்லாரும் எழுந்து போனார்கள். நம் தெரு சுகுணா அக்கா என்னிடம் குனிந்து, "இன்னும் எத்தினி நாளு இப்பிடியே குந்திக்கினு இருப்ப?" என்றாள். சுருக்கென்றது. நேசி என்றுதானே ஆண்டவர் சொன்னார்? நேசம் வரும்வரை காத்திரு என்று எங்கே சொன்னார்?

ஆராதனை முடிந்ததும் திருப்பதி பஸ் ஏறிவிட்டேன். அன்பு துளிகூட இல்லை, நைனா. வயிற்றெரிச்சல்தான். 'நீர் சொன்னதற்காகப் போகிறேன், வேறு ஒன்றுக்காகவும் இல்லை' என்று ஆண்டவரிடம், வழியில் வடமாலபேட்டை வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

அவன் ஜெபக்கூடத்து வாசலில் நின்று, மாலைக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் "வந்தனாலண்டி, வந்தனாலண்டி" என்று தெலுங்கில் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் படியிறங்கி வந்தான். நான் தயார் பண்ணிப்போன பேச்சு எங்கோ ஓடிவிட்டது.

"துன்னியாடா?" என்றேன்.

ஓவென்று அழுதுவிட்டான்! "உன்னிய நோவடிக்க சொல்லலக்கா. நைனாவ பரலோகத்துல பாக்காமலே போய்டுவேனோன்னு பயந்துக்கினு கேட்டேன்."

பாரேன், உன்மேல் இருந்த பிரியத்தையா நான் இத்தனை நாள் வெறுத்துக்கொண்டிருந்தேன்! அவனைக் கட்டிக்கொண்டேன். அப்போது நெஞ்சுக்குள் யாரோ வந்து சாவகாசமாக உட்கார்ந்த மாதிரி இருந்தது. கடவுள் நமக்குள்ளே வாசம் பண்ணுகிறார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் சொல்லிக்கொடுத்திருப்பேன்! எனக்கு இப்போதுதான் புரிகிறது. கால் முன்னே போனது, அன்பு பின்னாலேயே வந்துவிட்டது. அல்லது, பஸ்ஸில் நான் முணுமுணுத்தபோதே அவர் உள்ளேதான் இருந்தாரா? உனக்குத் தெரிந்திருக்கும்.

ஞானஸ்நான விஷயத்தில் இன்னும் சண்டைதான். நேற்றுகூட போனில் வாதாடினான், நானும் விடவில்லை. கடைசியில், "திருவிருந்து அன்னிக்கு உங்க சர்ச்சுக்கு வரேன், உன் பக்கத்துல குந்திக்கிறேன்" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைக்கு நான் எழுந்து போவேன், நைனா. முழங்காலிட்டு, அந்த அப்பத்துக்கு இரண்டு கையையும் நீட்டுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மறுபடியும் சாமுவுக்கு அக்காவாகிவிட்ட
உன் மகள் எஸ்தர்