விட்டுக்கொடுத்த கோல்கள்

மாமா,

ரிமோட்டின் இடது பக்கம் இன்னும் உங்கள் கைக்குத் தேய்த்த தைலம் மணக்கிறது. கேம் பெட்டியோடு வந்த அந்தக் கருவிக்கு வேறு பெயர் உண்டு என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அமுக்குகிற எல்லாமே உங்களுக்கு ரிமோட்தான். இன்று காலை தூசி தட்டப் போனபோது கையில் அகப்பட்டது. நீங்கள் போய்ப் பத்து மாதமாகிறது. ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் போய்விடும் எண்ணெய்ப் பிசுக்குதான். ஆனாலும் துடைக்கவில்லை. பார்க்கிறவர்கள் பாசம் என்று நினைப்பார்கள். எனக்கு அது பயம்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் மறைத்து, மறைத்தபடியே உங்களை அனுப்பியும் வைத்துவிட்டேன். வேறு இரண்டு பேரிடம் சொல்லியாயிற்று. உரிய ஆளிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பக்கவாதம் வந்து இடது கை தொங்கிப்போனபோது கால் இழுத்ததும் வாய் குழறியதும் உங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. "கியரு போடுத கையில்லா போச்சு" என்றுதான் சொல்லிச் சொல்லி வருந்தினீர்கள். கீரிப்பாறை எஸ்டேட் பஸ்ஸை மலைமேல் ஏற்றி இறக்கிய கை அது. ஓய்வு பெற்ற பிறகும் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தோவாளைவரை ஒரு சுற்றுப் போய் வந்தால்தான் உங்களுக்குப் பொழுது விடிந்த மாதிரி. அத்தையும் இல்லை, உங்கள் மகனும் மஸ்கட்டில். வீட்டில் நீங்களும் மருமகள் நானும் மட்டும். நான் பகலெல்லாம் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊராருக்குச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் தட்டிக் கொடுத்துவிட்டு மாலையில் வருவேன். அதுவரை நீங்கள் அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி கொடுக்க வந்தாளே ஷீபா, மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், அவள்தான் கேம் பெட்டியைக் கண்டுபிடித்தாள். உங்கள் மகன் விடுமுறையில் கொண்டுவந்து, ஒரு மாதம் அதன் முன்னால் தவம் கிடந்துவிட்டு, போகும்போது மறந்துவிட்டுப் போனது.

"இதுல பந்து விளையாட்டு உண்டா அக்கா? அப்பாவுக்கு இது கொள்ளாம். இடது பெருவிரலுக்கு நல்ல வேலை கிட்டும்" என்றாள். பிறகு என்னைத் தனியாக அழைத்து இன்னொன்றும் சொன்னாள். "விட்டுக் குடுக்காண்டாம், கேட்டியளா. இது மருந்து மாதிரியாக்கும். அப்பா எத்தன கோலு, நீங்க எத்தனன்னு தெனமும் காலண்டர்ல எழுதி வையுங்க. அத வச்சுத்தான் நான் பயிற்சிய மாத்துவேன்."

நான் தலையை ஆட்டினேன். அப்போது எனக்கு அதில் கஷ்டம் ஒன்றும் தெரியவில்லை.

ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுகிற கால்பந்து. சுற்றிலும் வேலி என்பதால் பந்து வெளியே போகாது, முட்டித் திரும்பி வரும். இடிக்கலாம், தள்ளலாம், காலை வாரலாம், கேட்க ஆள் கிடையாது. பொத்தானை அமுக்கிப் பிடித்து விட்டால் பந்து தீப்பிடித்துப் பறக்கும். முதல் நாள் நீங்கள் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்.

"விசிலடிக்க ஆளு எங்க?"

"இதுல நடுவர் கிடையாது மாமா."

"நடுவரு இல்லாம என்ன பந்தாக்கும்? பொங்கலுக்கு மொத நாளு பஸ்ஸுல ஏறுத மாதிரில்லா இருக்கு."

சிவப்புச் சட்டைக்காரர்களுக்கு டிப்போ என்றும் நீலத்துக்கு எஸ்டேட் என்றும் பெயர் வைத்தீர்கள். உங்கள் கோல்கீப்பர் உங்களுடைய பழைய கண்டக்டர் ஒருவரைப் போலவே நிற்கிறானாம், மீதிச் சில்லறை கேட்டாலும் அசையமாட்டானாம். நான் சிரித்துச் சிரித்து இரண்டு கோல் வாங்கினேன். அந்த இரண்டும் நீங்கள் நியாயமாக அடித்தவை.

எனக்குத் தோற்க வராது. அது உங்களுக்கே தெரியும். கல்யாணமான புதிதில் தாயம் ஆடி அத்தையை அழவிட்டவள் நான். முதல் இரண்டு வாரம் உங்களோடும் அப்படித்தான் ஆடினேன். ஒன்பதுக்கு ஒன்று, பதினொன்றுக்குப் பூச்சியம் என்று உள்ளதை உள்ளபடி காலண்டரில் எழுதினேன். உங்கள் பெருவிரல் ஆளை நகர்த்துகிற இடது குமிழின் மேல் நிற்காமல் வழுக்கும். ஆள் ஒரு பக்கம் ஓடுவான், பந்து ஒரு பக்கம் போகும். ஒரு திங்கட்கிழமை எட்டாவது கோல் விழுந்ததும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தீர்கள்.

"இந்தக் கை இனி வேட்டிய மடிச்சுக் கெட்டக்கூட ஆவாது மக்களே. விட்டிரு" என்றீர்கள்.

சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. மறுநாள் காலையிலும் இட்லி அப்படியே இருந்தது. அன்று மாலை உங்களைக் கெஞ்சி உட்காரவைத்து, முதல்முறையாக ஒரு பந்தை விட்டேன். பிறகு இன்னொன்று. நான்குக்கு மூன்றில் ஜெயித்தீர்கள். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டீர்கள். அந்த இரண்டு தோசையில்தான் நான் விழுந்தேன்.

நான்கு நாள் போயிருக்கும், நீங்கள் மோப்பம் பிடித்துவிட்டீர்கள். கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்த்தே அவன் என்ன செய்யப்போகிறான் என்று சொல்கிறவரை ஏமாற்றுவது லேசா?

"வேணும்னே விடுதியா?"

"இல்ல மாமா" என்று முனகினேன். நீங்கள் நம்பவில்லை.

மறுநாள் நீங்கள் குளிக்கப் போன நேரம், ஆட்டத்தின் அமைப்புகளைத் திறந்து உங்கள் அணிக்கு மட்டும் உதவியை முழுக்க ஏற்றிவைத்தேன். புதிதாக ஆடுகிறவர்களுக்காக வைத்திருக்கும் வசதி அது. அதன் பிறகு குறி பார்ப்பதும் பந்தைக் காலோடு ஒட்டவைப்பதும் பெட்டியின் வேலையாகிவிட்டது. உங்கள் விரல் வழுக்கினாலும் ஆள் நேராக ஓடினான். நீங்கள் வலது கையால் பொத்தானை அமுக்கினால் போதும், பந்து தானாக வலைக்குப் போயிற்று. நான் உயிரைக் கொடுத்து ஆடித் தோற்றேன். என் முகத்தில் தோற்ற கோபம் உண்மையாகவே இருந்தது.

"இப்பம் சொல்லு. விடுதியா?"

"சத்தியமா விடல்ல."

"முப்பந்தல் இசக்கி மேல?"

"இசக்கி மேல ஆணையா விடல்ல மாமா."

நம் பக்கத்தில் யாரும் இசக்கி மேல் விளையாட்டுக்குச் சத்தியம் செய்யமாட்டார்கள். நான் செய்தேன். பந்தை நான் விடவில்லை, பெட்டிதானே விடுகிறது என்று அம்மனிடமே வக்கீல் வாதம் பேசினேன். நீங்கள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

ஏழுக்கு மூன்று. எட்டுக்கு இரண்டு. காலண்டரில் உங்கள் எண் ஏறிக்கொண்டே போயிற்று. பால்காரரை நிறுத்தி அதைச் சொன்னீர்கள். வீடியோவில் உங்கள் மகனிடம் "உனக்க பொண்டாட்டிக்கு இன்னைக்கும் ஏழு கோலு குடுத்தேன், கேட்டியாடே" என்றீர்கள். முதுகு நிமிர்ந்திருந்தது. இவ்வளவு நல்லது செய்கிற ஒரு பொய்யை ஏன் நிறுத்தவேண்டும் என்று நான் நினைத்தேன். அதை மறைக்கமாட்டேன், எனக்கு என்மேல் பெருமையாகவே இருந்தது.

ஷீபா ஒவ்வொரு முறையும் காலண்டரைப் பார்த்தாள். ஒருமுறை, "உள்ளதுதான அக்கா?" என்று கேட்டாள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். "உள்ளதுதான்" என்றேன். மூன்று நாள் வருவதை ஒரு நாளாகக் குறைத்தாள். ஸ்கூட்டரைப் பற்றி நீங்கள் கேட்டபோது, "இன்னும் ஒரு மாசம் போட்டும் அப்பா. பொறவு பின்னால ஒரு ஆள வச்சுப் பைய ஓட்டிப் பாக்கலாம்" என்றாள். அதில் உங்கள் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான்.

அத்தையின் நினைவு நாள் அன்று நான் குளித்துவிட்டு வந்தபோது ஸ்கூட்டர் சாவி ஆணியில் இல்லை. பூ வாங்கச் சந்தைக்குக் கிளம்பியிருந்தீர்கள். கால்வாய்க் கரையிலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற சரிவில், முந்தின நாள் மழையில் மண் அரித்துக் கிடந்தது. வலது கை முன் பிரேக்கை மட்டும் பிடித்திருக்கிறது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி விழுந்ததாக டீக்கடைக்காரர் சொன்னார். பின் பிரேக் இடது கைக்கு உரியது.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தீர்கள். பேச்சு தெளிவாக இருந்தது இரண்டாம் நாள் மட்டும். அதை நான் பிறகு எழுதுகிறேன். இப்போது கை ஓடவில்லை.

உங்கள் மகன் வந்து காரியம் எல்லாம் முடித்துத் திரும்பினார். சொந்தக்காரர்கள், "பெத்த மவகூட இப்பிடிப் பாக்கமாட்டா" என்று என் கன்னத்தைத் தடவிச் சொன்னார்கள். நான் குனிந்து நின்று வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் உங்கள் மகன் அழைத்தார். ஸ்கூட்டர் ஓட்டலாம் என்று ஷீபா சொன்னதை யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

"அவ வேலை பாக்குத எடத்துக்கு எழுதப்போறேன். பக்கவாதம் வந்த மனுசன வண்டி ஓட்டச் சொல்லியிருக்கா. அந்தக் காலண்டர போட்டோ எடுத்து அனுப்பு. வெறும் கோல் கணக்கப் பாத்து வண்டி ஓட்டச் சொன்ன அவளுக்க மெத்தனம் அதுல தெரியும்லா."

காலண்டரை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். எண்கள் எல்லாம் என் கையெழுத்து. மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். போட்டோவை அனுப்பினால் போதும், ஷீபாவுக்கு வேலை போகும், நான் நல்ல மருமகளாகவே இருந்துவிடலாம். ஒரு முறை எடுத்தும் விட்டேன், அனுப்பாமல் அழித்தேன். நான்காம் நாள் அவரை அழைத்து, பெட்டியில் உதவியை ஏற்றிவைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தன மாசமா?" என்றார். பிறகு, "மொதல்ல அந்தப் பிள்ளகிட்டப் போய்ச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டார். நேற்று மறுபடி அழைத்தார். பைப்பில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

ஷீபாவின் வீட்டுக்குப் பஸ் ஏறிப் போனேன். வாசலிலேயே நின்று கேட்டாள். அழவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நம்பர நம்பி இருந்துட்டேன் அக்கா. அந்தக் கைய நானும் ஒழுங்காப் பிடிச்சுப் பாத்திருக்கணும்" என்றாள். பிறகு, "இத எழுதித் தருவியளா? யாராவது கேட்டா எனக்குக் காட்ட வேணும்" என்றாள்.

உள்ளே போய் உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை இரண்டு முறை வாசித்து மடித்து வைத்தாள். என்மேல் அவளுக்கு இனி நம்பிக்கை வராது. வரவேண்டாம்.

இனி அந்த இரண்டாம் நாள்.

கண் விழித்ததும் வேறு யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். இடது கையைப் போர்வைக்கு வெளியே எடுத்துவைக்கச் சொன்னீர்கள். எடுத்துவைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"முப்பத்தொரு வருசம் ஓட்டியிருக்கேன் மக்களே, ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல. பிரேக்க பிடிச்சேன். கை கேக்கல்ல. நேத்து வர நல்லாக் கேட்டுதே, நீதானே பாத்த? ஒரு அவசர நேரத்துல எனக்க கையே என்ன ஏமாத்திட்டு பாத்தியா?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. "மழையில மண்ணு வழுக்கிட்டு மாமா" என்றேன். நீங்கள் தலையை அசைத்து மறுத்தீர்கள். உங்கள் ஓட்டத்தில் தவறு நேர்ந்தால் அதை மண்மேலும் மழைமேலும் போடுகிற ஆள் இல்லை நீங்கள். அதன் பிறகு நர்ஸ் அந்தக் கையைத் தொட வந்தபோதெல்லாம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

இதைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறேன். விழுந்த செய்தி கேட்டதைவிட, சுவரைப் பார்த்துத் திரும்பிய உங்கள் முகம்தான் எனக்குத் தாங்கவில்லை. உடம்பு நொந்து போனதோடு, ஒரு டிரைவராகத் தோற்றும் போனதாக நினைத்துப் போனீர்கள்.

அந்தக் கை உங்களை ஏமாற்றவில்லை மாமா. தன்னால் ஆகாது என்று முதல் நாளிலிருந்தே அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதை உங்கள் காதில் விழவிடாமல் செய்தவள் நான்.